கோப்பு இருந்தால் தாண்டு

வீரராகவன் இறந்து நாற்பது நாள் கழித்து, 2004 ஜூலையில், அனந்தலக்ஷ்மி மறுபடி கல்கத்தா சால்ட் லேக் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். கணவனும் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவன் எழுதிவைத்த ப்ரோகிராமைத் திருத்தி எழுதும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் கண்ட மரபணு வரிசைகளை அந்த ப்ரோகிராம் ஒப்பிடும். முடிய நான்கு நாளாகும். நடுவில் கரண்ட் போனால் குழப்பம். அவள் அதை ஆறு கட்டங்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டமும் முழுதாக முடிந்தபிறகே முடிவு சேமிக்கப்படும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள், எழுதினாள், திரும்பினாள். ரசத்தில் உப்பே இல்லை என்று மாமியார் சொன்ன பிறகுதான், தானும் அதையே சாப்பிட்டு எழுந்தது தெரிந்தது.

அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்த பிறகே ஏற்பார்கள். அவளுடையதைப் படித்தவள் சாதனா, கல்கத்தாவிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்; அக்கா என்பதற்கு வங்காளிகள் மாதிரி 'தி' என்பாள். பழைய முடிவையும் புதியதையும் அச்செடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"லக்ஷ்மிதி, பத்தொம்பது குழந்தைங்களுக்கு ரிசல்ட் மாறுது."

"என் தப்பா?"

"இல்ல, பழசுல. ஃபைல் இருந்தா அந்தக் குழந்தையைத் தாண்டிப் போன்னு ஒரு வரி. கரண்ட் போனப்போ பாதி எழுதின ஃபைலையும் முடிஞ்சதா எடுத்துருக்கு."

அந்த முடிவுகளை வைத்துத்தான் போன வருடம் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் வீரராகவனுடையது.

"நான் இதை ரிவியூல எழுதாம விட்டுடறேன், தி. புதுசுல சரியாத்தானே இருக்கு."

அந்த வரிக்கு மேலே அவன் பெயரும் தேதியும் இருந்தன. அழுகை வரும் என்று அனந்தலக்ஷ்மி காத்திருந்தாள். வரவில்லை.

"எழுது," என்றாள். "கட்டுரையைப் படிச்சு வைத்தியம் பாக்கறவா இருப்பா."

சாதனா எழுதினாள். அழுததும் அவள்தான்.

கம்ப்யூட்டர் கோளாறு என்று போட்டுவிடலாமே என்றார் துறைத் தலைவர். வேண்டாம் என்று சொல்லி, திருத்தக் கடிதத்தை அனந்தலக்ஷ்மியே எழுதினாள். கட்டுரையின் மூன்று முடிவுகளில் ஒன்று போயிற்று, இரண்டு நின்றன.

ஜனவரியில் பத்திரிகை வீட்டுக்கு வந்தது.

"என்னடி அது?" என்றாள் மாமியார்.

"அவர் கட்டுரைக்கு ஒரு திருத்தம்மா."

"அவன் பேர் போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா."

மாமியார் அதை வாங்கி அவன் படத்துக்குக் கீழே வைத்தாள். அனந்தலக்ஷ்மி தடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.