மெதுவாகத் திருப்பிய கம்பி

குழியிலிருந்து இயந்திரம் அப்போதுதான் அள்ளிப் போட்டிருந்த பெரிய களிமண் கட்டியில், நான்கு இறக்கை வைத்த கம்பியைச் செருகினாள் மண் பரிசோதகர். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் மண்ணக்கா. கைப்பிடியைத் திருப்பத் திருப்ப, மண்ணின் உறுதியைக் காட்டும் அளவுத் தட்டில் முள் ஏறும். மண் அறுந்து வழிவிடும் இடத்தில் நின்றுவிடும். எழுபத்தைந்தைத் தாண்டினால் குழாய் பொருத்துபவர்கள் அப்படியே குழிக்குள் இறங்கலாம். தாண்டாவிட்டால், குழிச் சுவர் சரியாமலிருக்க, இருபுறமும் பலகை வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். முழுசாக ஒரு நாள் போய்விடும்.

மேற்பார்வையாளருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். குளித்து முடிப்பதற்குள் தலை துவட்டிவிடுகிற மனிதர்.

“என்னக்கா, கட்டிக்குத் தாலாட்டா பாடுற? சட்டுனு திருப்பு!”

அவள் எறும்பு ஊர்கிற வேகத்திலேயே திருப்பினாள்.

“அறுபத்தெட்டு சார். பலகை வேணும்.”

“குடு இங்க!” கம்பியைப் பிடுங்கிக் கட்டியில் வேறிடத்தில் செருகி, பூட்டை உடைக்கும் திருடனைப் போல அவர் கைப்பிடியைச் சுழற்றினார். “எண்பத்திரண்டு! பாத்தியா, என் கை பட்டா மண்ணே பயந்து கெட்டியாகுது. எழுது!”

ஏணியருகே நான்கு பேர் தலைக்கவசத்தோடு காத்திருந்தார்கள். முதலில் நின்றவன் அவசரத்தின் மனைவிக்குத் தம்பி.

மண்ணக்கா படிவத்தில் அறுபத்தெட்டு என்றே எழுதினாள்.

“நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது, தெரியும்ல?”

“தெரியும் சார். வேணும்னா உங்க எண்பத்திரண்ட நீங்களே எழுதி கையெழுத்துப் போடுங்க. ஆனா முதல்ல நீங்க இறங்கி, அடியில நின்னு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்புறம் உங்க மச்சான் இறங்கட்டும்.”

மைத்துனன் சிரித்துவிட்டான். “போங்க மாமா. டீ நான் வாங்கிட்டு வரேன். சக்கரை எவ்வளவு?”

அத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? ஏணியில் கால் வைத்தார். நான்கு படி இறங்க அவருக்கு நான்கு யுகம் ஆயிற்று. சுவர் மூக்கருகே வந்தது. பாறை மாதிரி தெரிந்த களிமண்ணில் மேலிருந்து கீழே மயிரிழை விரிசல்கள் ஓடின. மைத்துனனை நிமிர்ந்து பார்த்தார். ஏறி வந்தார்.

“பலகை எடுத்துட்டு வாங்கடா!” அந்தச் சத்தத்தில் பாரந்தூக்கியே ஒரு முறை ஆடியிருக்கும்.

பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக நிதானமாகக் கேட்டார். “அப்போ எனக்கு மட்டும் எப்படிக்கா எண்பத்திரண்டு வந்துச்சு?”

“வேகமா திருப்பினா முள்ளு கூடுதலா ஏறும் சார். சுவருக்கு அது தெரியாதே. நம்ம வசதிக்கு அளவ ஏத்தி எழுதினா, அந்தப் பொய்ய நம்பி உள்ள நிக்கறது யாரோ பெத்த புள்ள.”