சிவப்புத் திரையைத் தாண்டிய விரல்

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தின் இணையதளம் அதில்தான் இருந்தது. கல்யாணப் படங்கள், குழந்தைகளின் வீடியோக்கள் எல்லாம் அங்கேதான். "நம்ம படத்தை எதுக்கு எவனோ ஒரு கம்பெனிக்காரன்கிட்ட குடுக்கணும்?" என்று தம்பி சொந்தமாக முகவரி வாங்கி அமைத்த தளம் அது. இணையதளத்தைத் தாங்கும் கணினிக்கு 'சர்வர்' என்று பெயர்; அன்றிலிருந்து அக்காவின் கணவர் தம்பியையே "சர்வர்" என்று கூப்பிட்டார். "சர்வர், ரெண்டு டீ!" என்பார். ஒவ்வொரு முறையும் தானே முதலில் சிரிப்பார்.

ஒரே ஒரு குறை. தளத்தைத் திறந்தால் முதலில் சிவப்புத் திரைதான் வரும்: 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல.' ஒரு தளம் உண்மையிலேயே இன்னாருடையதுதான் என்று வெளியாள் சாட்சி சொல்வதுதான் பாதுகாப்புச் சான்றிதழ். தம்பியோ தனக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டு ஒன்றைச் செய்து வைத்திருந்தான். முறையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். முகவரி வாங்கிய இடத்தில் ஒரு வரியைச் சேர்த்து, அந்த முகவரி தன்னுடையதுதான் என்று காட்டினால் போதும். நெட்வொர்க் வேலையில் இருப்பவனுக்கு அது பெரிய வித்தையில்லை. ஆனாலும் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்றே காலத்தை ஓட்டினான். அது சோம்பேறித்தனம்தான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

"அது சும்மா கத்தும் அக்கா. 'மேலும்'னு இருக்கும், அமுக்கு. கீழே சின்ன எழுத்துல 'பரவாயில்லை, தொடர்'னு வரும். அதையும் அமுக்கு. அவ்வளவுதான்."

வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பாடம் நடந்தது. யோசிக்காமலே விரல் அங்கே போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

அக்கா மருத்துவமனையில் நர்ஸ். ஒரு நாள் பேருந்து நிலையத்தின் இலவச வைஃபையில், அடுத்த வார டியூட்டி பார்க்க மருத்துவமனைத் தளத்தைத் திறந்தாள். சிவப்புத் திரை வந்தது. பழகிய விரல் பழகியபடி போனது. அந்த இணைப்பின் நடுவில் புகுந்திருந்த எவனோ அவளுடைய கடவுச்சொல்லை அள்ளிக்கொண்டான். அவள் கணக்கு வழியாக நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வெளியே போயின. ஒரு பெண் தன் வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்த நோய், அவள் வேலை செய்யும் அலுவலகம் வரை எட்டிவிட்டது.

மருத்துவமனையின் விசாரணை அறையில் ஜன்னல் இல்லை. துணைக்கு ஒருவர் வரலாம் என்றதால் தம்பி வந்திருந்தான். நிர்வாக அதிகாரி நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எச்சரிக்கை வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் உள்ளே போனீங்க?"

"எப்பவும் வர்றதுதானேன்னு..."

"நம்ம தளத்துல ஒரு நாளும் வந்ததில்லையேம்மா. எங்கே எப்பவும் வருது?"

அக்கா தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது போலாகிவிடுமே என்று தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"எங்க வீட்டுத் தளத்துல சார். அதைக் கண்டுக்காம போகச் சொல்லிக்குடுத்தது நான்தான். என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "உங்களை நான் என்ன பண்ண முடியும் தம்பி? நீங்க இங்கே வேலை பார்க்கலையே. கடவுச்சொல்லை அடிச்சது அவங்க."

விசாரணை முடியும்வரை அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவானது. உண்மையைச் சொன்னால் வழி பிறக்கும் என்று நம்பியவன், குற்றத்தை ஏற்கக்கூட இடமில்லாமல் நின்றான்.

வீடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்தான். அந்த ஒரு வரியைச் சேர்த்தான். சான்றிதழ் வந்தது. காலாவதியாகும் முன்பு அது தானே புதுப்பித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தான். அக்கா முகம் கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"இப்போ திறந்து பாரு அக்கா."

திறந்தாள். சிவப்பு இல்லை, நேராகப் படங்கள் வந்தன.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆபத்துன்னு எழுதியிருந்தா நிக்கணும்னு எனக்குத் தெரியும்டா. அதை மறக்கடிச்சது நீ. உன் வேலை மிச்சமாகணும்னு எங்க பயத்தைப் புடுங்கிட்டே. எச்சரிக்கையைக் கண்டுக்காதேன்னு ஒருத்தருக்குப் பழக்கிவிட்டா, அடி எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தருக்கு விழும். என் வேலை போனாலும் நான் வீட்டுக்குள்ள இருந்துக்குவேன். அந்தப் பொண்ணு நாளைக்கு எந்த முகத்தோட ஆபீஸ் போவா?"