சுவரோரத்து ஆவாரை

...கேட்கட்டும், வாய்விட்டுக் கேட்கட்டும், இதற்காகத்தானே நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக் கிருஷ்ணசாமி மதில்மேல் கையூன்றி நிற்கிறார், சர்க்கரைக்கு ஆவாரம்பூ காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்களாம், ஒரு கைப்பிடி போதுமாம். ஆனந்தமேரி திரும்பாமல் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி... தன் புருஷன் தனிஸ்லாஸ் கேட்டதும் ஒரு குடம்தானே? இரண்டாயிரத்து நாலு கோடையில் இந்த ஆள் முந்நூறடிக்கு ஆழ்குழாய்ப் போர் போட்டதும் இவள் கிணறு வற்றிப்போனது, அங்கே புல்தரை நனைந்துகொண்டிருந்தது, நெஞ்சுவலிக்காரரான தனிஸ்லாஸ் குடத்தோடு போய் நின்றார், மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினார் கிருஷ்ணசாமி, மோட்டார் ஓடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. தெருக்குழாயிலிருந்து மூன்றாவது குடம் தூக்கி வரும்போது வாசலில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. குடம் உருண்ட சத்தம் இப்போதும்... தண்ணீர் இல்லாத வீட்டுக்குத் தோட்டம் எதற்கு என்று கிருஷ்ணசாமி பெண்டாட்டி நிர்மலாதேவி காதுபடச் சொன்னாளே, அதற்காகவே வாசலோரமும் இந்த மதில் சுவரோரமும் ஆவாரை போட்டாள். முளைவிட்ட புதிதில் தெருக்குழாய்த் தண்ணீர் தெளித்ததோடு சரி. வருஷாவருஷம் நினைவு நாள் பூசை முடிந்ததும் கல்லறையில் அள்ளி வைத்து, பாருங்க, அவன் தண்ணி ஒரு சொட்டு இல்லாம பூத்தது என்று சொல்லிவிட்டு வருவாள். நாளைக்கும் சொல்வாள். போன மாதம் கிருஷ்ணசாமியின் போரில் உப்பு ஏறி, மோட்டார் நின்று, புல் கருகியபோது ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.

பூ ரிப்பேர்ண்ணே என்று சொன்னால் என்ன? நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதற்குள் அவர், "சொவரோரம் இருக்கறதுதான் எப்பவும் அள்ளிப் பூக்கும், இப்ப அதுவும் தொங்கிப்போச்சு பாரும்மா. மோட்டார் ஓடுனப்ப நம்ம பைப்பு சொவருக்கு அடியில ஒழுகிட்டு இருந்துச்சில்ல, செடி குடிக்குதேன்னு நானும் அடைக்காம வுட்டேன்" என்றார்.

வாடியது வெயிலால் என்றல்லவா நினைத்திருந்தாள்? வாசலோரத்துச் செடிகள் குட்டையாக, கொஞ்சம் பூவோடு, அசையாமல் நிற்கின்றன, வாடியவை சுவரோரத்து நாலும்தான்... கல்லறைக்குப் போனதெல்லாம் அதில் பறித்ததுதானே, அடர்த்தியாக இருக்கிறதென்று? மனுஷனுக்கு ஒரு குடம் இல்லை, செடிக்கு நாலு வருஷம்... அப்படியானால் கல்லறைக்குப் போய்ப் புருஷனிடம் அவள் சொன்னது?

"என்னம்மா மேரி, குடுக்கிறியா?"

கூடையைப் பார்த்தாள். எது வாசலோரத்தில் பறித்தது, எது சுவரோரத்தில் பறித்தது, எல்லாம் ஒரே மஞ்சளாகக் கலந்து கிடந்தது.