கபூரைச் சுட்ட கப்பி

வாவிக்கு மேலே இருட்டு இன்னும் முழுதாய்க் கலையவில்லை. ஏறாவூர்ப் பக்கத்தில் வாவிக்கரையோரம் இருந்த அருமைநாயகம் வார்ப்புப் பட்டறையில் உலை மூண்டு வெகுநேரமாகியிருந்தது. ஜெயந்தன் கரியையும் பழைய இரும்பையும் கூடை கூடையாய் உலைவாயில் கொட்டிக்கொண்டிருந்தான். தன் புருவமயிர் கருகும் வாடை அவன் மூக்கிலேயே ஏறியது. கீழே மீராசாஹிப் முழங்காலில் நின்று வார்ப்பு மண்ணை இடித்துக் கெட்டித்துக்கொண்டிருந்தார். அவர் துப்பிய எச்சிலும் கறுப்பாகவே விழுந்தது.

அந்நேரம் அருமைநாயகம் முதலாளி கல்லடி வீட்டில், குளிரூட்டிய அறைக்குள் போர்த்துக்கொண்டு கிடந்தார். பட்டறை வாசலில் 'உழைப்பே உயர்வு' என்று பலகை எழுதிப் போட்ட மகான் அவர்தான். யாருடைய உழைப்பு, யாருக்கு உயர்வு என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை போலும். கோயிலுக்கு அவர் செய்து கொடுத்த மணி மட்டும் அசல் வெண்கலம். அதில் அவருடைய பெயர் வெட்டியிருந்ததல்லவா!

விதுர்ஷா சோதனை அறையைத் திறந்தாள். கிரானிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். இரும்பு வார்க்கும்போது அதே வாளியிலிருந்து ஒரு சிறு கம்பியும் வார்க்க வேண்டும். அந்தக் கம்பியை இரண்டு முட்டுகளின் மேல் கிடத்தி நடுவில் அழுத்தி முறித்துப் பார்ப்பதும், அதன் சீவலை அமிலத்தில் போட்டுப் பார்ப்பதும் அவள் வேலை. நல்ல இரும்பு கொஞ்சம் வளைந்துகொடுத்துத்தான் முறியும். கெட்டது மாரி பிஸ்கற் மாதிரிச் சட்டென்று போகும்.

ஊரில் நடக்கும் முறை அது. இங்கே நடப்பது வேறு. என்றைக்கோ நல்ல இரும்பில் மொத்தமாக வார்த்த கம்பிகள் ஒரு பெட்டி நிறைய அந்த அறையில் இருந்தன. உலையில் எந்தக் குப்பை உருகினாலும், வாங்க வருகிறவன் கண்முன்னால் முறிவது பெட்டிக் கம்பிதான். "அக்காவக் காட்டித் தங்கச்சியக் கட்டி வைக்கிற யாவாரம்," என்பார் மீராசாஹிப். அதை முறித்துக் காட்டுகிற கை விதுர்ஷாவினுடையது.

போன கிழமைதான் அந்த யாவாரம் ஆளைத் தின்றது. உருகிய இரும்பு நிறைந்த வாளியைத் தூக்கும் கப்பி தேய்ந்துபோய், புதிது வாங்கித் தரச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். "இரும்பு வாக்கிற நாங்க கப்பிக்குக் கொழும்புக்காரனுக்குக் காசு குடுக்கிறதா?" என்று முதலாளி சிரித்தார். எரிந்துபோன லொறி எஞ்சின்களையும் துருவேறிய தகரங்களையும் உருக்கிப் புதுக் கப்பியை வார்க்கவைத்தார். வாளி தொங்கும்போதே அது இரண்டாய்ப் பிளந்தது. நெருப்புக் குழம்பு வாளியடியில் நின்ற தொழிலாளி அப்துல் கபூரின் வலது காலில் கொட்டியது. பாதமென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனார், தோடம்பழமும் கையுமாக. கட்டிலடியில் நின்று கண்ணைத் துடைத்தார். வெளியே வந்ததும், "வாளிய அளவுக்கு மேல நிரப்பினவன் அவன். அவன்ட பிழைக்கு நான் நட்டஈடு குடுக்கேலுமா?" என்று வராந்தாவில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று அவர் வேளைக்கே வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், உடம்பில் வெள்ளைச் சேட்டு. நேரே சோதனை அறைக்குள் நுழைந்தார்.

"புள்ள, தொழில் கந்தோர் அதிகாரி இண்டைக்கு வாறார். கப்பிட இரும்பச் சோதிச்சுக் காட்டட்டாம். பெட்டியில ஒரு கம்பிய எடுத்து முறி. கப்பி வாத்த அண்டைக்கு ஊத்தினது எண்டு சொல்லு."

"அது அந்தக் கம்பி இல்லையே சேர்."

"கம்பிக்கு வாய் இருக்கா? உனக்குத்தான் இருக்கு. அத நல்ல மாதிரிப் பாவிக்கப் பழகு."

"கபூர் நானாட கால் போயிட்டு சேர்."

"கபூர் உனக்கு ஆரு? நீ நம்மட புள்ள. உனக்கு வேல கேட்டு உன்ட அப்பா என்ட வீட்டு வாசல்ல நிண்டத மறந்திட்டியா?"

விதுர்ஷாவின் முகம் சுருங்கியது. சம்பளம் கூட்டிக் கேட்ட நாளில் இந்த 'நம்மட' எங்கே போயிருந்தது? "கப்பித் துண்டு எங்க சேர்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜெயந்தன் அண்டைக்கே உலைக்குள்ள போட்டுட்டான். இப்ப அது ஆர்ர வீட்டுத் தண்ணிப் பம்பில கிடக்கோ!" சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தபடி போனார்.

அவள் ஜெயந்தனிடம் ஓடினாள். "அவர் சொன்னா நீங்களும் போட்டிருவீங்களா அண்ணன்? கபூர் நானாவுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதானே!"

ஜெயந்தன் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "போடல்ல புள்ள. வாவிக்குள்ள எறிஞ்சிட்டன். படிச்ச நீ சிரிப்பாய் எண்டுதான் சொல்லல்ல."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளைச் சுட்ட இரும்பை மறுபடி உலையில் போடமாட்டார்கள். அது திரும்ப மனிதர் மத்தியில் வந்தால் இன்னொரு ஆளைத் தேடுமாம். வாவியில் எறிந்துவிட வேண்டும். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. பள்ளிவாசலுக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் அதை ஒன்றுபோல நம்பினார்கள். மூடர் கூட்டம் என்று முதலாளி ஒருமுறை ஏசியதால், அதற்குப் பிறகு அந்தக் காரியம் அவருக்குத் தெரியாமலே நடந்துவந்தது.

"நான் ஏன் சிரிக்கிறன்? எந்த இடத்தில அண்ணன்?"

"கரையில நிக்கிற கண்ணாப் பத்தைக்குக் கிட்ட. ஆனா அத வெளிய எடுக்கப்படாது புள்ள!" ஜெயந்தன் ஓரடி பின்வாங்கினான். நெருப்புக்கு அஞ்சாத மனிதன் அவன்.

மண் இடித்துக்கொண்டிருந்த மீராசாஹிப் எழுந்து வந்தார். "எடுக்காட்டி கபூர்ட புள்ளைகள் பட்டினி கிடக்கும். அதவிடப் பெரிய பாவம் என்ன இருக்கு? வா மனே."

முதலாளி கந்தோருக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தால் ஆறேழு பேர் வாவிக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மட்டி தேடுகிறவர்கள் மாதிரிச் சேற்றைக் காலால் தடவினார்கள். கடைசியில் ஜெயந்தனின் காலில்தான் அது தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தவன் கை சுட்டதுபோல அதை மீராசாஹிப்பிடம் கொடுத்துவிட்டான்.

விதுர்ஷா சேற்றைக் கழுவித் துண்டின் ஓரத்தைத் தட்டி உடைத்தாள். நல்ல இரும்பின் முறிவு சாம்பல் நிறமாயிருக்கும். இதுவோ வெள்ளை வெளேரென்று பளபளத்தது. துளையிட்டுச் சீவல் எடுத்து அமிலத்தில் போட்டு, குடுவை வாயில் ஈயம் தோய்ந்த தாளை வைத்தாள். கூழ்முட்டை நாற்றம் அறையை நிறைத்தது. தாள் சோற்றுப்பானை அடிபோலக் கறுத்தது. இரும்பு முழுக்கக் கந்தகம், பாரம் தாங்காமல் பிளக்கிற இரும்பு. இப்படிப்பட்ட இரும்பில் மனிதன் தலைக்கு மேல் வாளியைத் தொங்கவிட எவனுக்கு மனம் வரும்?

"நான் தனியச் சொன்னா என்ன மட்டும் வெளிய தள்ளிப்போட்டு அலுவலப் பாப்பார்," என்றாள் அவள்.

"ஆர் உன்னத் தனியச் சொல்லச் சொன்ன?" என்றார் மீராசாஹிப்.

அதிகாரி வந்தார். முதலாளி இளநீர் கொடுத்து, குழைந்து குழைந்து கூட்டிவந்தார். பெட்டியிலிருந்து ஒரு கம்பியைத் தானே எடுத்து நீட்டினார். "முறி புள்ள."

விதுர்ஷா கம்பியை வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டு, கப்பித் துண்டை மேசையில் வைத்தாள். "கபூர் நானாவச் சுட்ட கப்பி இதுதான் சேர். சோதிச்சது இந்தா இருக்கு."

முதலாளியின் முகத்தில் சந்தனம் மட்டும் மிஞ்சியது. "இத உலைக்குள்ள போடச் சொன்னேனேடா, ஜெயந்தன்!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

அதிகாரி நிமிர்ந்தார். "ஏன் போடச் சொன்னீங்க?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். பட்டறை முழுவதும் வாசலில் நின்றது, வாவிச் சேறு காயாத கால்களோடு.

"என்னத்தப் பாக்கிறீங்க? உலைக்குள்ள இரும்பு உறையப் போகுது, போய் ஊத்துங்க! இல்லாட்டி நாளைக்கு ஒருத்தனுக்கும் கேற் திறவாது!"

ஒருவரும் அசையவில்லை. மீராசாஹிப் ஓரடி முன்னே வந்தார். "கபூருக்குரியதக் குடுங்க. ஒழுங்கான கப்பி போடுங்க. மறுகா, ஒவ்வொரு வாளிக்கும் அதே வாளிக் கம்பி எங்கட முன்னால முறியணும். அதுவரைக்கும் வாளி அசையாது."

"என்ட உலை கெட்டுப்போகும்டா!"

"சட்டியில இருக்கிறதுதான் அகப்பையில வரும் முதலாளி. நீங்க போட்டதுதான் உள்ள கிடக்கு."

அதிகாரி கப்பித் துண்டைப் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போனார். "மேலிடத்துக்கு அனுப்புவம்," என்றார். அதற்கு மேல் அதிகாரிகள் சொல்வதில்லை. உலையில் இரும்பு பாறையாக உறைந்தது.

மறுநாள் விடியலில் கேற் பூட்டியிருந்தது. உள்ளே போக வழியில்லை, ஆனால் வீட்டுக்குத் திரும்பியவரும் இல்லை. 'உழைப்பே உயர்வு' பலகையின் கீழே வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கபூரின் மனைவி பரீனா ஒரு கேத்தில் நிறையப் பால் கலக்காத பிளேன்ரீயோடு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேற் கம்பிகளுக்கு அப்பால் முதலாளி போனைக் காதில் வைத்தபடி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஜெயந்தன் விதுர்ஷாவின் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டான். "எனக்கு இன்னும் பயம்தான் புள்ள. அத வெளிய எடுத்திட்டம். இனி அது இன்னொரு ஆளத் தேடுமே?"

விதுர்ஷா கேற்றுக்குள் நடந்துகொண்டிருந்த வெள்ளைச் சேட்டைப் பார்த்தாள்.

"தேடட்டும் அண்ணன். இந்த முறை சரியான ஆளத்தான் தேடுது."