ஐந்து முத்திரைத் துப்பாக்கி

துப்பாக்கிச் சந்தையில் டெல்மர் போட்டிருந்த விற்பனை மேஜையில் அந்த ஜெர்மன் துப்பாக்கியைப் பார்த்ததும் பாய்ந்து கையில் எடுத்தேன். ஒஹையோவில் ஒரு துப்பாக்கிச் சந்தை விடாமல் நான் தேடி அலைந்தது இதைத்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் கைக்குக் கிடைத்த பாகங்களைப் பூட்டித் தொழிற்சாலையே அனுப்பியது. பாகங்களில் ஐந்து வெவ்வேறு கம்பெனிகளின் முத்திரைகள். ஆனால் ஒரு ஸ்க்ரூவில்கூடத் திருப்புளி பட்ட தழும்பு இல்லை. அன்றைக்குப் பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது! இதன் மதிப்பே அதில்தான்.

“என்ன ராஸ்கோ, இந்தக் கதம்பத்தைப் போயி இப்படிப் பாக்கற?” என்றான் டெல்மர்.

“வாய மூடிட்டு எடுத்து வைடா. யாருக்கும் குடுத்துடாத. பணத்தோட வரேன்.”

ஏடிஎம்முக்கு ஓடினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மூச்சிரைக்கத் திரும்பினால், டெல்மருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பழைய சிநேகிதனாச்சேன்னு உனக்கு ஒரு உதவி செஞ்சேன். பெட்டியில உதிரி கெடந்துச்சு. எல்லாத்தையும் ஒரே கம்பெனியா மாத்திட்டேன்!”

“அடப்பாவி! பழசெல்லாம் எங்கடா?”

“இதோ இருக்கு, ஏன் கத்தற? ஆனா அந்த ஸ்க்ரூவக் கழட்டறதுக்குள்ள உயிரே போயிருச்சுப்பா. இதுவரைக்கும் யாரும் தொட்டதே இல்ல போல!”