வெல்வெட் துணி போர்த்திய மெஷின்

செம்பட்டியில் பூ விவசாயம் பார்க்கும் மூக்கையாவின் மகள் தமிழ்மதி, திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படித்தாள். பொருள்களைக் கதிர்களால் ஆராயும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் வகுப்பிலேயே முதல் மார்க் அவளுடையது.

மருந்துக் கம்பெனி ஒன்றின் நேர்முகத் தேர்வில் அவளிடம் கொஞ்சம் வெள்ளைப் பொடியைக் கொடுத்து, "இதுக்கு ஐ.ஆர். எடுத்துக் காட்டுங்க" என்றார்கள். ஐ.ஆர். என்றால் அகச்சிவப்புக் கதிரால் எடுக்கும் வரைபடம். மூலக்கூறின் பிணைப்புகள் ஸ்பிரிங் போல அதிர்கின்றன. தன் அதிர்வுக்குப் பொருந்தும் அகச்சிவப்புக் கதிரைத்தான் ஒவ்வொன்றும் விழுங்கும். விழுங்கிய இடத்தில் வரைபடத்தின் கோடு பள்ளமாக இறங்கும். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பொடியை மெஷினில் எங்கே வைப்பது என்று மட்டும் தெரியவில்லை.

"மெஷினப் பாத்ததே இல்லையா?" என்று ஒருவர் சிரித்தார்.

பார்த்திருந்தாள். கல்லூரியில், பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சிவப்பு வெல்வெட் துணிக்கு அடியில். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் கமிட்டி வரும்போது மட்டும் துணி விலகும். மாணவர்கள் செய்முறை ரெக்கார்டு நோட்டில் ஒட்டியதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்த வரைபடங்கள்.

திண்டுக்கல் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே துறைத்தலைவர் பொன்னுத்துரையின் அறைக்குப் போனாள்.

"அந்த மெஷினத் தொறங்க சார்."

"அம்புட்டு வெலையான மெஷினும்மா. ஆளாளுக்குத் தொட்டா என்னத்துக்காகும்?"

"தொடத் தெரியாமத்தான் சார் இன்னைக்கு நாலு பேரு முன்னாடி அசிங்கப்பட்டு வந்திருக்கேன்."

அவள் குரல் வராந்தா வரை கேட்டது. வகுப்புப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் சாவியை விரிவுரையாளர் ஜெஸ்ஸியிடம் கொடுத்தார்.

ஜெஸ்ஸி துணியை விலக்கி மெஷினைப் போட்டார். திரையில் கோடு வெறுமனே நடுங்கியது. உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் நீல மணிகள் எப்போதோ வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தன.

"ஒளியப் பிரிக்கிற உப்புத் தகடு பூத்துப் போச்சு சார். கரண்டு செலவுன்னு ஏசிய நிறுத்துனோம்ல, ஈரம் ஏறிடுச்சு."

பொன்னுத்துரை வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "வெளிய தெரியாதுல்ல? மூடிருங்க. கமிட்டி வாரப்ப பாத்துக்கலாம்."

தமிழ்மதி மெஷின் பக்கம் போனாள். வெல்வெட் துணியை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"இத இனி மூட விட மாட்டேன் சார்."

"இன்டர்னல் மார்க் எங்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"நீங்களே வச்சுக்கங்க சார். மார்க்க வச்சுக்கிட்டு நான் என்ன கிழிச்சேன்?"

துணியோடு முதல்வர் அறைக்கு நடந்தாள். வகுப்பு முழுவதும் பின்னால் வந்தது. மெஷின் ஓடும்வரை ஜெராக்ஸ் ஒட்டிய ரெக்கார்டை யாரும் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதல்வர் முதலில் அதட்டினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர்கள் அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மெஷின் கம்பெனிக்கு போன் போட்டார்.

செமஸ்டர் முடியும் தறுவாயில் இன்ஜினியர் வந்து தகட்டை மாற்றினார். அதற்குள் அந்த மருந்துக் கம்பெனி வேலைக்கு வேறு ஆள் சேர்ந்தாயிற்று. பொன்னுத்துரை சொன்னபடியே அவளுடைய இன்டர்னலில் கைவைத்திருந்தார்.

தமிழ்மதி ஆய்வகத்தில் தானே தயாரித்த மெத்தில் சாலிசிலேட்டை ஒரு சொட்டு வைத்தாள். தலைவலித் தைலத்தின் வாசம் அறையில் பரவியது. அது எஸ்டர் வகை; எஸ்டரின் பள்ளம் அலையெண் 1740-க்குப் பக்கத்தில் வரும் என்பது பாடம். திரையில் 1680-க்கு அருகில் இறங்கியது.

"அதே மூலக்கூறுல பக்கத்துல இருக்கற ஓ.ஹெச். தொகுதி அதப் புடிச்சு இழுக்குது மேடம். அதான் கீழ வந்துருக்கு."

"கரெக்ட்டாப் புடிச்சிட்ட" என்றார் ஜெஸ்ஸி.

தமிழ்மதி சந்தோஷப்படவில்லை. மொத்த வேலையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்திருந்தது.

"இம்புட்டுத்தானா மேடம்?" என்றாள். "இதக் காட்டவா ரெண்டு வருசமா மனசு வரல இவங்களுக்கு?"

ஜெஸ்ஸி வரிசையில் நின்ற அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.