வெட்டிய லேபிள்

கைக்கு ஒரு பழைய தோல் பை வந்தால் அஃப்ஷீன் முதலில் கத்தரிக்கோலைத்தான் தேடுவாள். துடைப்பது, எண்ணெய் தடவுவது, தேய்ந்த மூலைகளுக்குச் சாயம் பூசுவதெல்லாம் பிறகுதான். பைக்குள் தைத்திருக்கும் கம்பெனி லேபிளை நறுக்கென்று வெட்டி எறிந்தால்தான் வேலை தொடங்கியதாகவே அவளுக்குத் தோன்றும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கிடங்கில் பல வருஷம் இருந்தவள். வெளிநாட்டுக்குப் போகாமல் தங்கிப்போன சரக்கை உள்ளூரில் விற்பதென்றால், வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தெரியாதபடி கழுத்து லேபிளை வெட்டியாக வேண்டும். வெட்டாமல் ஒன்று வெளியே போனாலும் முதலாளி தாண்டவம் ஆடிவிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டில் உட்கார்ந்து, பழைய தோல் பைகளை மூட்டையாக வாங்கிப் புதுப்பித்து, போனில் படம் போட்டு விற்கத் தொடங்கினாள். விலை உயர்ந்த தோல் பைக்கு அந்த லேபிள்தான் அசல் என்று காட்டும் ஜாதகம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சொன்னவள் சித்ரகலா. அவிநாசிக்காரி, அஃப்ஷீனிடம் பழுப்பு நிறப் பை ஒன்று வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"ஏனுங்க, பைக்குள்ள நம்பர் போட்ட தோல் லேபிள் இருக்கோணுமாமா. உங்க பையில அதைச் சுத்தமா வெட்டியிருக்குது. திருட்டுப் பையின்னாத்தான் அப்படி வெட்டுவாங்களாம். எங்க அண்ணன் போலீசுங்க. அவரைக் கூட்டிக்கிட்டு இப்பவே நேர்ல வர்றனுங்க."

அஃப்ஷீனுக்குப் பயம் தனக்காக அல்ல, புருஷன் தௌபிக்குக்காக. அவனும் வேலை பார்த்த அதே கிடங்கில் துணி மூட்டை ஒன்று காணாமல் போனபோது போலீசார் அவனை விசாரணைக்கென்று அழைத்துப் போயிருந்தார்கள். எடுத்தவன் வேறொருவன் என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள். போன ஆளாக அவன் திரும்பி வரவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். இன்னொரு முறை அவனைக் கூட்டிப் போனால் தாங்கமாட்டான், முழுசாகத் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அவனிடம் மறைத்திருக்கலாம். பாழும் வாய் முந்திக்கொண்டது. கேட்டதும் அவன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"ஏங்க, வெட்டுனது நானுங்க. நானே சொல்லிக்கறேன், நீங்க வெளிய வாங்க."

"நான் ஊட்ல இல்லைன்னு சொல்லீரு," என்றான் உள்ளிருந்து.

பழைய பை மூட்டைகளைக் கொடுக்கும் பாரூக் பாய்க்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குகிற மனுஷன் அவர். ஆனால் அன்றைக்கு அது அவளுக்குத் தப்பி ஓடியவரின் போனாகத் தோன்றியது. ஒருவேளை நிஜமாகவே திருட்டுச் சரக்கோ? பைகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தாள். ஒரு பையில் வெட்டியிருந்தால் கைதவறி என்று சொல்லலாம். அலமாரி நிறைய வெட்டி வைத்திருப்பவள் என்ன சொல்லுவாள்?

வாசலில் கார் நின்றது. சித்ரகலாவுக்குப் பின்னால் அவள் அண்ணன் ஆத்தப்பன், பெரிய மீசையும் டி-சர்ட்டுமாக உள்ளே வந்தார். அலமாரியிலிருந்து ஒவ்வொரு பையாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் வெட்டியிருக்குதே. ஊட்ல வேற யாரு இருக்கறாங்க?"

"யாருமில்லீங்க சார்." போலீசுக்கே பொய் சொல்லியாயிற்று. குளியலறைப் பக்கம் பார்க்காமலிருக்கப் படாதபாடு பட்டாள்.

"எதுக்கு வெட்டுனீங்க?"

"விக்கறதுன்னா வெட்டித்தானுங்க விக்கோணும்?" என்றவள் அழுதுவிட்டாள். "துணிக்கெல்லாம் அப்படித்தானுங்களே. லேபிளை வெட்டாம கிடங்கு வாசலைத் தாண்ட உடமாட்டாங்க. பைக்கும் அதேதான்னு நெனச்சுப்போட்டனுங்க. பாரூக் பாய்கிட்ட வாங்குன மூட்டைங்க சார், வேணும்னா கேட்டுப் பாருங்க."

"இதென்னங்க கதை?" என்றாள் சித்ரகலா.

ஆத்தப்பனின் கை மெல்லப் பின்கழுத்துக்குப் போனது. டி-சர்ட்டின் காலருக்குள் விரலை விட்டுத் தடவினார். அங்கே வெட்டியது போக மிஞ்சிய லேபிள் முனை குத்திக்கொண்டிருந்தது.

"அடக் கெரகமே!" என்று சிரித்துவிட்டார். "கலா, இந்தச் சட்டை நீ லேபிள் வெட்டுன சரக்கு விக்கற காதர்பேட்டையில வாங்கிக் குடுத்ததுதான? போலீஸ்காரனுக்கே திருட்டுச் சட்டை மாட்டி உட்ருக்கறயா?"

சித்ரகலாவுக்கு முகம் தொங்கிப்போனது.

"பாரூக் பாயை எனக்குத் தெரியும், நேர்மையான மனுஷன். அழுவாத கண்ணு. இனிமேப்பட்டுப் பையில மட்டும் கத்தரி வெக்காத," என்று சொல்லிவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கார் திரும்பும்வரை அவர் சிரிப்பு கேட்டது.

அஃப்ஷீன் குளியலறைக்கு ஓடினாள். "ஏங்க, போயிட்டாங்க! ஒண்ணுமே இல்லீங்க. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு, கதவைத் திறங்க."

உள்ளிருந்து தௌபிக்கின் குரல் கேட்டது.

"அன்னைக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனவங்களும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தாங்க."

அவள் கதவில் கையை வைத்தபடி நின்றாள். தாழ்ப்பாள் அசையவில்லை.